மோசடி மென்பொருளை நீக்கினால் கார் என்ன ஆகும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபோக்ஸ்வாகன் டீசல் புகை மோசடி பற்றி எழுதுகிறவர்கள் கார் உரிமையாளர்களை இரண்டே வகையாகப் பிரித்துவிடுகிறார்கள். ஒரு வகையினர் சுற்றுச்சூழலுக்காகக் கொதித்தவர்கள். இன்னொரு வகையினர் இழப்பீட்டுக் காசுக்காக வழக்குப் போட்டவர்கள். டீசல் எஞ்சினைத் திறந்து பார்த்துப் பழகியவர்களுக்கு மூன்றாவதாக ஒரு காரணம் தெரியும். அதுதான் பெரிய காரணம். நிறுவனம் தரும் 'திருத்தப்பட்ட' மென்பொருளை ஏற்றிய பிறகு நம் வண்டி என்ன ஆகும் என்ற பயம் அது. பயத்துக்கு அடிப்படை உண்டு என்பதை அந்த நிறுவனமே அமெரிக்க நீதிமன்றத்தில் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. அதைப் பற்றிப் பேசுவோர் குறைவாக இருப்பதால்தான் இந்தக் கடிதம்.

நடந்ததை முதலில் சரியாகச் சொல்லிவிடுகிறேன். கார் சோதனைக்கூடத்தில் இருப்பதைக் கண்டுபிடித்து அங்கே மட்டும் புகையைக் கட்டுப்படுத்தி, சாலையில் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்திவிடும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2015 செப்டம்பர் 18 அன்று விதிமீறல் நோட்டீஸ் அனுப்பியது. 2009 முதல் 2015 வரையிலான மாடல்களில் ஏறத்தாழ 4,82,000 கார்கள் அதில் அடங்கின, எல்லாம் 2.0 லிட்டர் டீசல். சில நாள்களிலேயே உலகம் முழுவதும் 1.1 கோடி கார்களில் இந்த மென்பொருள் இருப்பதாக நிறுவனம் சொன்னது. அதற்கு ஓராண்டுக்கும் முன்பே, 2014 மே மாதத்தில், மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறிய குழு ஒன்று சோதனை முடிவுகளை வெளியிட்டிருந்தது. டேன் கார்டர் தலைமையிலான அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா ஆகியோர் இருந்தார்கள். அளவுக்கருவியைக் காரின் பின்னால் ஏற்றிக்கொண்டு நிஜச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். ஃபோக்ஸ்வாகனின் ஜெட்டா சட்ட வரம்பைப்போல் 15 முதல் 35 மடங்கும், பசாட் 5 முதல் 20 மடங்கும் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயுவைக் கக்கின. கூடவே சோதித்த பிஎம்டபிள்யூ எக்ஸ்5 பெரும்பாலும் வரம்புக்குள்ளேயே இருந்தது. 'எல்லா டீசலும் அப்படித்தான்' என்று சமாதானம் சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஊடகங்களில் அடிக்கடி வரும் '40 மடங்கு' என்பது உச்ச அளவு. எல்லாக் காரும் எந்நேரமும் 40 மடங்கு கக்கியதாகப் பொருள் இல்லை.

இந்தப் புகை கண்ணுக்குத் தெரியாதது. கறுப்பாகப் புகைத்த வண்டிகள் அல்ல அவை. சைலன்ஸர் வாயில் கைக்குட்டையைப் பிடித்தாலும் வெள்ளையாகவே இருந்திருக்கும். உரிமையாளர்கள் இத்தனை ஆண்டுகள் ஏமாந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி எஞ்சினுக்குள் போகலாம். டீசலில் நைட்ரஜன் ஆக்சைடு, கரித்துகள், எரிபொருள் செலவு ஆகிய மூன்று கணக்குகளும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. எரிப்பு சூடாகவும் முழுமையாகவும் நடந்தால் மைலேஜ் நன்றாக இருக்கும், கரி குறையும்; ஆனால் அந்தச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிவிடும். சூட்டைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு இறங்கும், கரி ஏறும், மைலேஜ் கொஞ்சம் விழும். சூட்டைக் குறைக்க ஈஜிஆர் வால்வு உதவுகிறது. வெளியேறும் புகையில் ஒரு பங்கைக் குளிர்வித்து மறுபடி உள்ளே அனுப்புவது அதன் வேலை. அது எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு நைட்ரஜன் ஆக்சைடு குறையும். அவ்வளவு கரியும் இன்டேக் குழாயிலும் வால்விலும் குளிர்விப்பானிலும் படியும்.

அதற்குப் பின்னால் இருக்கும் கருவிகளுக்கும் தனித்தனிச் செலவு உண்டு. கரித்துகள் வடிகட்டியான டிபிஎஃப், நிரம்பிய கரியைச் சுமார் 600 டிகிரி சூட்டில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். அந்தச் சூட்டை எழுப்பக் கூடுதலாக டீசல் தெளிக்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற ஜெட்டா, கோல்ஃப் போன்ற முதல் தலைமுறைக் கார்களில் இருந்தது நைட்ரஜன் ஆக்சைடைச் சேமித்துவைக்கும் வினையூக்கி. அது நிரம்பும்போதெல்லாம் சில விநாடிகள் டீசலை அளவுக்கு மேல் ஊற்றிக் கழுவ வேண்டும். எரிபொருளில் இருக்கும் கந்தகம் அதில் ஒட்டிக்கொள்ளும், அதைப் போக்க இன்னும் அதிகச் சூடு வேண்டும். பசாட்டில் யூரியாக் கரைசல் முறை. 32.5 சதவீத யூரியா கலந்த 'ஆட்ப்ளூ' தனித் தொட்டியிலிருந்து புகைக்குழாயில் தெளிக்கப்படும். தாராளமாகத் தெளித்தால் நைட்ரஜன் ஆக்சைடு நன்றாகக் குறையும். ஆனால் 10,000 மைலுக்கு ஒருமுறை வரும் சர்வீஸ் வரை தொட்டி தாங்காது, இடையில் உரிமையாளரே நிரப்ப வேண்டியிருக்கும். அந்தத் தொல்லை வாங்குபவருக்கு இருக்கக் கூடாது என்பதற்காகச் சாலையில் அளவைக் குறைத்தார்கள். ஜெர்மன் நிறுவனங்கள் ஆட்ப்ளூ தொட்டியின் அளவு பற்றித் தங்களுக்குள் கலந்து பேசி, சட்டம் கேட்பதைவிடச் சுத்தமான காரைத் தருவதில் போட்டி போடாமல் இருந்ததற்காக, ஐரோப்பிய ஆணையம் 2021 ஜூலையில் ஃபோக்ஸ்வாகன் குழுமத்துக்கும் பிஎம்டபிள்யூவுக்கும் சேர்த்து 87.5 கோடி யூரோ அபராதம் விதித்ததும் இதையொட்டியே. சேர்ந்து பேசியதை முதலில் காட்டிக்கொடுத்ததால், அப்போது மெர்சிடிஸ் கார்களைத் தயாரித்த டைம்லருக்கு அபராதம் இல்லை!

இப்போது அந்த ஒப்புதல் வாக்குமூலம். 2017 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையிடம் குற்றத்தை ஏற்றபோது இணைக்கப்பட்ட உண்மை விவர அறிக்கையில் ஒரு பகுதி இருக்கிறது. 2012 வாக்கில் சில கார்களில் புகைக்குழாய்ப் பாகங்கள் பழுதாகத் தொடங்கின. பொறியாளர்கள் ஆராய்ந்து இப்படிக் கணித்தார்கள்: இந்தக் கார்கள் சாலையில் ஓடும்போதும் 'சோதனை நிலை'யிலேயே தங்கிவிடுகின்றன, நீண்ட நேரம் அந்த நிலையில் ஓட இவை வடிவமைக்கப்படவில்லை, அதனால்தான் பாகங்கள் தாங்கவில்லை. அதாவது, சுத்தமாக ஓடியதால் வண்டி கெட்டது. பாகத்தைப் பலப்படுத்தாமல் அவர்கள் செய்த வைத்தியம், ஸ்டியரிங் திரும்புகிறதா என்று பார்க்கும் வசதியை மென்பொருளில் சேர்த்ததுதான். சோதனைக்கூட உருளைகளின் மேல் நிற்கும் காரின் ஸ்டியரிங் அசையாது. அசைந்தால் அது சாலை. உடனே அழுக்கு நிலைக்கு மாறிவிடும். இந்த மாற்றத்தை ஏற்கெனவே விற்ற கார்களிலும் பராமரிப்பின்போது ஏற்றினார்கள். வண்டியை மேம்படுத்துவதாகத்தான் உரிமையாளர்களிடம் சொல்லப்பட்டது.

இதைப் படித்த ஒருவர், 'திருத்திய மென்பொருளால் மைலேஜுக்கும் ஆயுளுக்கும் எந்தப் பாதிப்பும் இல்லை' என்று அதே நிறுவனம் கடிதம் அனுப்பினால் நம்புவாரா?

அமெரிக்க உரிமையாளர்களின் நடத்தையை இந்தப் பின்னணியில்தான் படிக்க வேண்டும். 2016 ஜூன் 28 அன்று அறிவிக்கப்பட்டு, அக்டோபர் 25 அன்று நீதிபதி சார்லஸ் பிரேயர் இறுதி ஒப்புதல் அளித்த உடன்பாட்டின் மொத்த மதிப்பு 1,470 கோடி டாலர். அதில் காரைத் திரும்ப வாங்குவதற்கும் இழப்பீட்டுக்கும் 1,003 கோடி வரை. உரிமையாளருக்கு இரண்டு வழிகள். காரைக் கொடுத்துவிட்டு, மோசடி வெளியாகும் முன்பு இருந்த மறுவிற்பனை விலையையும் இழப்பீட்டையும் வாங்கிக்கொள்ளலாம். அல்லது ஒப்புதல் பெற்ற திருத்தம் வரும்வரை காத்திருந்து, காரைச் சரிசெய்து, இழப்பீட்டை மட்டும் பெறலாம். மோசடி வெளிவரும் முன்பே கார் வைத்திருந்தவருக்கு இழப்பீடு, கார் மதிப்பில் 20 சதவீதமும் 2,986.73 டாலரும் சேர்ந்தது. எப்படிப் பார்த்தாலும் 5,100 டாலருக்குக் குறையாது.

விலையைக் கணக்கிட்ட முறையில் ஒரு நுணுக்கம் இருந்தது. மதிப்பு 2015 செப்டம்பர் நிலவரத்தில் உறைந்துவிட்டது; அதற்குப் பிறகு ஆண்டுக்கு 12,500 மைல் வரை ஓட்டினால் ஒரு டாலரும் குறையாது. விண்ணப்பிக்கக் கடைசி நாள் 2018 செப்டம்பர் 1. ஆகவே தேய்மானமே இல்லாமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓட்டிவிட்டுத் திருப்பிக்கொடுக்க முடிந்தது. 'கோபம் இருந்தால் ஏன் உடனே கொடுக்கவில்லை?' என்று கேட்டவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. வேறு சிலர் இருக்கை, கதவு, விளக்கு எல்லாவற்றையும் கழற்றி விற்றுவிட்டு வெறும் கூட்டை ஓட்டிவந்தார்கள். உடன்பாடு கேட்டது, தன் சொந்த எஞ்சினால் கார் ஓட வேண்டும் என்பதை மட்டுமே! 2016 டிசம்பரில் நீதிபதியே இதைக் கண்டிக்க வேண்டியிருந்தது.

பெரும்பான்மையோர் காரைக் கொடுத்தே விட்டார்கள். 2018 தொடக்கத்தில் ஏறத்தாழ 3 லட்சம் கார்கள், மூடிக்கிடந்த டெட்ராய்ட் புறநகர் விளையாட்டரங்கின் வாகன நிறுத்தம் முதல் கலிஃபோர்னியப் பாலைவன விமான நிலையம் வரை, 37 இடங்களில் நின்றன. அத்தனை பேரும் காற்றை நினைத்துக் கொடுத்தார்கள் என்று சொல்ல முடியாது. முதல் தலைமுறைக் கார்களுக்கான திருத்தத்துக்கு 2017 நடுவில்தான் ஒப்புதல் கிடைத்தது. அந்தத் திருத்தமும் காரை முதலில் சான்றளித்த அளவுக்குக் கொண்டுவராது, நைட்ரஜன் ஆக்சைடை 80 முதல் 90 சதவீதம் வரை குறைக்கும் என்றே அரசு முகமை சொன்னது. முழுத் திருத்தம் அந்த வன்பொருளில் முடியாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட மாதிரி ஆயிற்று. 2015 மாடல்களுக்கு இரண்டு கட்டம்: முதலில் மென்பொருள், பிறகு புதிய வினையூக்கி, டிபிஎஃப், கூடுதல் நைட்ரஜன் ஆக்சைடு உணரி. என் கணிப்பில் அந்தத் திட்டத்திலேயே நியாயமான பகுதி, திருத்திய கார்களுக்குப் புகைக்கட்டுப்பாட்டுப் பாகங்கள் அனைத்துக்கும் நீட்டித்த வாரண்டி தந்தது. 'பாதிப்பு இல்லை' என்று வாயால் சொல்வதற்கும், பாதிப்பு வந்தால் செலவு எங்களுடையது என்று எழுதிக்கொடுப்பதற்கும் உள்ள தூரத்தை வண்டி வைத்திருப்பவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள்.

ஐரோப்பாவில் கதை வேறு. அங்கே அப்போதைய யூரோ-5 விதியின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 0.18 கிராம், அமெரிக்க வரம்பு ஏறத்தாழ 0.043 கிராம், நான்கில் ஒரு பங்கு. அதனால் மோசடியில் சிக்கிய இஏ189 வகை எஞ்சினின் 2.0 லிட்டர், 1.2 லிட்டர் கார்களுக்கு வெறும் மென்பொருள் போதும் என்றார்கள். அரை மணி நேர வேலை. 1.6 லிட்டருக்குக் கூடுதலாக, காற்று அளவு உணரிக்கு முன்னால் வலை போட்ட ஒரு பிளாஸ்டிக் வளையம். உள்ளே போகும் காற்றைச் சீராக்கி உணரியின் கணக்கைத் துல்லியமாக்குவது அதன் வேலை. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அந்தச் சிறு வளையத்தின் படத்தைப் பார்த்த உரிமையாளர்கள், 'இத்தனை மலிவான சாமானில் முடியும் என்றால் இத்தனை ஆண்டு ஏன் ஏமாற்றினீர்கள்?' என்று கேட்டது இயல்புதான். ஆனால் கேள்வி அந்த வளையத்தைப் பற்றியதாக இருந்திருக்கக் கூடாது. அரை மணி நேரத்தில் மாறியது ஈஜிஆர் திறக்கும் அளவும் டீசல் தெளிக்கும் முறையும். அதன் விலை அடுத்த 20,000, 30,000 கிலோமீட்டரில்தான் தெரியும்.

அப்படித்தான் ஆயிற்று. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் திருத்தத்துக்குப் பிறகு உரிமையாளர்கள் சொன்ன புகார்கள் ஒரே வரிசையில் வந்தன: குறைந்த வேகத்தில் திக்கல், டிபிஎஃப் அடிக்கடி கரியை எரித்தல், மைலேஜ் இறக்கம், திடீரென்று சக்தி குறைந்து வண்டி ஊர்தல், கடைசியில் ஈஜிஆர் வால்வு மாற்றம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. புகார்கள் எல்லாமே திருத்தத்தால் வந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியில் ஈஜிஆர் ஏற்கெனவே பாதி அடைத்திருக்கும். பழைய மென்பொருள் அதை அதிகம் கூப்பிடாததால் பழுது தெரியாமல் இருந்திருக்கும். புதிய மென்பொருள் கூடுதலாகத் திறக்கச் சொன்ன அன்றைக்கு அது மாட்டிக்கொள்ளும். நிறுவனம் 'பழைய தேய்மானம்' என்கிறது, உரிமையாளர் 'உங்கள் மென்பொருள்' என்கிறார். இரண்டிலும் உண்மை இருப்பதால்தான் சண்டை தீரவில்லை. பின்னர் நிறுவனம் 'நம்பிக்கை வளர்க்கும் நடவடிக்கை' என்ற பெயரில், திருத்தம் செய்த நாளிலிருந்து 24 மாதம், 2,50,000 கிலோமீட்டர் வரை ஓடிய வண்டிகளுக்கு, குறிப்பிட்ட பாகங்கள் பழுதானால் கவனிப்பதாக அறிவித்தது. பெயரைப் பாருங்கள், வாரண்டி என்ற சொல் இல்லை.

ஜெர்மனியில் மறுப்பதற்கும் வழியில்லை. 24 லட்சம் கார்களுக்குத் திருத்தம் கட்டாயம். செய்யாத சிலரின் பதிவையே நகர நிர்வாகங்கள் ரத்துசெய்தன. இழப்பீட்டிலும் கணக்கு உரிமையாளருக்கு எதிராகவே ஓடியது. 2020 மே 25 அன்று ஜெர்மன் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம், வேண்டுமென்றே ஏமாற்றியதற்காக நிறுவனம் காரின் விலையைத் திருப்பித்தர வேண்டும் என்றது. ஆனால் ஓட்டிய தூரத்துக்கான பயன்பாட்டுத் தொகையைக் கழித்துக்கொண்டு. 20,000 யூரோவுக்கு வாங்கிய புதுக் கார், அதன் ஆயுள் 2,50,000 கிலோமீட்டர் என்று வைத்தால், 1,25,000 ஓட்டியவருக்குப் பாதிதான் கிடைக்கும். ஆயுள் முழுக்க ஓட்டிவிட்டவருக்கு ஒன்றும் இல்லை என்று அதே ஆண்டு ஜூலையில் தெளிவாக்கினார்கள். வழக்கு இழுக்க இழுக்கத் தொகை கரையும். அதே ஆண்டு பிப்ரவரியில் நுகர்வோர் கூட்டமைப்போடு நிறுவனம் செய்துகொண்ட 83 கோடி யூரோ சமரசத்தை, தலைக்கு 1,350 முதல் 6,257 யூரோ வரை, ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் வாங்கிக்கொண்டு ஒதுங்கியதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால் வியப்பு இல்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2015 டிசம்பரில் 3,23,700 கார்களைத் தாமாகவே திரும்ப அழைப்பதாக ஃபோக்ஸ்வாகன் இந்தியா அறிவித்தது: ஃபோக்ஸ்வாகன் 1,98,500, ஸ்கோடா 88,700, ஆடி 36,500. 2008 முதல் 2015 நவம்பர் வரை விற்ற இஏ189 எஞ்சின் வண்டிகள் இவை. புனேயிலுள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான ஏஆர்ஏஐ இவற்றைச் சாலையில் ஓட்டிப் பார்த்தபோது, அன்றைய இந்தியப் புகை விதியான பிஎஸ்-4இன் வரம்பைப்போல் 1.1 முதல் 2.6 மடங்கு நைட்ரஜன் ஆக்சைடு வந்தது. இந்தியாவில் அப்போது சாலைச் சோதனைக்கென்று விதியே இல்லை, எனவே விதிமீறலும் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019 மார்ச்சில் 500 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மே மாதத்தில் கட்டாய நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தடைபோட்டது. காரை வாங்கியவருக்கு? அமெரிக்காவில் கிடைத்த மாதிரி திரும்ப வாங்கும் திட்டமும் இல்லை, இழப்பீடும் இல்லை. இலவச மென்பொருள் மட்டும்.

இங்கே கோபம் பெரிதாக எழாததற்கு 'நம் ஆட்களுக்கு அக்கறை இல்லை' என்று சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் கையில் இருக்கும் ஒரே அளவுகோலில் இந்த மோசடி தெரியவே தெரியாது என்பதுதான் காரணம். புகைச் சான்றிதழுக்கு டீசல் வண்டியில் செய்யும் சோதனை என்ன? வண்டி நின்ற நிலையில், நியூட்ரலில், ஆக்சிலரேட்டரை ஒரே மூச்சில் முழுக்க மிதித்து, வெளியேறும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று பார்க்கிறார்கள். பிஎஸ்-4 வண்டிக்கு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரை போகலாம். அளப்பது கரியை மட்டும். நைட்ரஜன் ஆக்சைடு நிறமற்ற நிலையில் வெளியேறுவதால் ஒளியை மறைக்காது. தவிர, எஞ்சின் சுமை இழுக்காதபோது அது அதிகம் உருவாவதும் இல்லை. இன்னும் வேடிக்கை, நைட்ரஜன் ஆக்சைடை அதிகம் கக்கும் மோசடி நிலையில் கரி குறைவாக இருக்கும். சான்றிதழில் எண் அழகாக வரும். திருத்தம் செய்த பிறகு அந்த எண் சற்று ஏறினால்கூட ஆச்சரியம் இல்லை, பிஎஸ்-4 காலத்து டீசல் கார்கள் பெரும்பாலானவற்றில் டிபிஎஃப் கிடையாதே. சாலையில் ஓட்டி அளக்கும் விதி இந்தியாவில் கட்டாயமானது 2023 ஏப்ரலில்தான். அதுவும் புதிய மாடல்களுக்குச் சான்றளிக்கும்போது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு இன்றும் அதே ஒளிச் சோதனைதான்.

ஆகவே எந்த நிறுவனமானாலும், புகைக்கட்டுப்பாடு தொடர்பான மென்பொருள் மாற்றத்துக்கு அழைப்பு வந்தால், அளவை உரிமையாளரே எடுத்துவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வண்டியை விடுவதற்கு முன் மூன்று முறையாவது டேங்க் நிரப்பி மைலேஜ் பாருங்கள். பம்ப் தானாக நின்ற முதல் கிளிக்கோடு நிறுத்துங்கள், மேலே தள்ளி ஊற்றினால் கணக்கு கெடும். டேஷ்போர்டு காட்டும் மைலேஜை நம்பாதீர்கள். அது உட்செலுத்தியின் திறப்பு நேரத்திலிருந்து கணினி போடும் மதிப்பீடு, மென்பொருள் மாறினால் அந்த மதிப்பீடும் மாறலாம். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனரில், வாகனத் தகவல் பகுதியில், மென்பொருளின் பதிப்பைக் காட்டும் கேலிபரேஷன் எண்ணும் அதைச் சரிபார்க்கும் எண்ணும் இருக்கும். இரண்டையும் படம் எடுத்துவைத்தால், பிறகு மென்பொருள் நிஜமாகவே மாறியதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பதிவான பழுதுக் குறிகளை அச்செடுங்கள். ஈஜிஆர் ஓட்டம் போதவில்லை என்பதற்கான பி0401 முன்பே இருந்தால், அதைச் சரிசெய்யாமல் புதிய மென்பொருளை ஏற்றவிடாதீர்கள். அடைத்த வால்வின் மேல் கூடுதல் வேலையைச் சுமத்துவதாகிவிடும். டிபிஎஃப் உள்ள வண்டியானால் கரி அளவு, சாம்பல் அளவு, கடைசியாக எரித்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்ற மூன்றையும் ஸ்கேனரில் படித்து எழுதிக்கொள்ளுங்கள். கரி எரியும், சாம்பல் எரியாது. சாம்பல் ஏறிவிட்ட வடிகட்டிக்கு எந்த மென்பொருளும் மருந்து இல்லை.

மாற்றம் செய்த பிறகு அதே சாலை, அதே பம்ப், மறுபடி மூன்று டேங்க். ஓட்டும்போது டிபிஎஃப் கரியை எரிப்பதைச் சில அறிகுறிகள் காட்டும்: ஐடிலிங் 1,000 ஆர்பிஎம் பக்கம் ஏறி நிற்கும், எஞ்சினை அணைத்த பிறகும் ரேடியேட்டர் விசிறி ஓடும், சூட்டு நாற்றம் வரும். அந்த நேரத்தில் அணைக்காமல், முடிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டிவிடுங்கள். பாதியில் நிறுத்திக்கொண்டே இருந்தால், கடைசி நேரத்தில் தெளித்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறுகிறது என்றால் அதுதான் பொருள். 'ஆயிலே குடிக்காத வண்டி' என்று மகிழ வேண்டாம். டீசல் கலந்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும். டிப் ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டிவிட்டால் கிலோமீட்டர் பார்க்காமல் மாற்றுங்கள். குறைந்த சாம்பல் ரக ஆயிலையே ஊற்றச் சொல்லுங்கள். எரிப்புக்கும் எரிப்புக்கும் இடையிலான தூரம் மாற்றத்துக்கு முன்பு இருந்ததில் பாதியாகிவிட்டால், கையில் உள்ள எண்களோடு எழுத்தில் புகார் கொடுங்கள். 'வண்டி முன்ன மாதிரி இழுக்கல சார்' என்ற வாய்ப் புகாரை சர்வீஸ் சென்டர் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு 'நார்மல்' என்று மூடிவிடும்.

இந்த விஷயத்தில் உரிமையாளர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. மென்பொருள் மோசடியைத் திட்டிய வாயாலேயே ஈஜிஆரைத் தகடு வைத்து அடைக்கச் சொல்வது, டிபிஎஃப் உள்ளிருப்பை உடைத்து வெறுங்கூடாக்குவது, ஆட்ப்ளூ தெளிப்பதாகக் கணினியை நம்பவைக்கும் பெட்டியை லாரியில் மாட்டுவது எல்லாம் நடக்கிறது. நிறுவனம் தொழிற்சாலையில் செய்ததை நாம் பட்டறையில் செய்கிறோம். சட்டப்படியும் குற்றம். எஞ்சினுக்கும் நல்லதில்லை: டர்போ கட்டுப்பாடும் தெளிப்பு நேரமும் ஈஜிஆர் இருப்பதாக வைத்துக் கணக்கிடப்பட்டவை. அடைத்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்வதும் தேவையானால் மாற்றுவதும்தான் வேலை. ஸ்ப்ரே அடித்து உள்ளேயே கரைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. பெயர்ந்த கரிக்கட்டி அடுத்து எங்கே போய் உட்காரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நேர்மையாகச் சுத்தம் செய்தால் டீசல் காருக்கு என்ன விலை ஆகும் என்பதை 2020 ஏப்ரல் நமக்குக் காட்டிவிட்டது. நைட்ரஜன் ஆக்சைடுக்கான வரம்பு பிஎஸ்-4இல் இருந்த கிலோமீட்டருக்கு 0.25 கிராமிலிருந்து பிஎஸ்-6இல் 0.08 கிராமுக்கு இறங்கியபோது, நாட்டிலேயே அதிகக் கார் விற்கும் மாருதி சுசுகி டீசலை விட்டே விலகியது. ஃபோக்ஸ்வாகனும் இங்கே போலோ, வென்டோவின் டீசலை நிறுத்தியது. சின்னக் காரின் விலைக்குள் டிபிஎஃப், நைட்ரஜன் ஆக்சைடு வினையூக்கி எல்லாவற்றையும் அடக்க முடியவில்லை. பழைய விலையில் அந்த மைலேஜும் அந்த இழுவையும் கிடைத்ததற்கு ஒரு பகுதிக் காரணம், கணக்கில் ஒரு பத்தியை எழுதாமல் விட்டதுதான்.

திரும்ப அழைக்கும் கடிதங்களில் நான்கு விவரங்கள் கட்டாயம் இருக்க வேண்டும் என்று போக்குவரத்து அமைச்சகம் விதி செய்ய வேண்டும். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் சாலையில் அளந்த நைட்ரஜன் ஆக்சைடு; மைலேஜ் மாற்றம்; புதிய கேலிபரேஷன் எண்; ஈஜிஆர், டிபிஎஃப், உட்செலுத்திகளுக்குக் கிடைக்கும் வாரண்டியின் காலமும் தூரமும் ஆகியவையே அவை. இந்த எண்கள் நிறுவனத்திடமும் ஏஆர்ஏஐயிடமும் ஒப்புதல் கோப்பிலேயே இருக்கும். புதிதாக அளக்கச் சொல்லவில்லை. அதுவரை, 2008க்கும் 2015க்கும் இடைப்பட்ட டீசல் போலோ, வென்டோ, ரேபிட், லாரா போன்றவற்றைப் பழைய கார் சந்தையில் பார்க்கிறவர்கள், சேசிஸ் எண்ணைக் கொடுத்துத் திருத்தம் நடந்ததா, எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில் என்று அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்டு வாங்கிக்கொள்ளவும். நடந்திருந்தால், அதன் பிறகு ஈஜிஆர் மாற்றிய பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.

இப்படிக்கு,
டீசல் எஞ்சின் பராமரிப்புத் துறையைச் சேர்ந்த வாசகர்